கயிற்றுக்குள் இருக்கிற குரல்

திருகோணமலை உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில் கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கு கிடக்கும். பின்னேரங்களில் நான் அதில்தான் இருப்பேன். போன கிழமை அக்காவின் மகனும் வந்து பக்கத்தில் இருந்தான். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை. ஒன்றைக் கேட்டுவிட்டால் விடை வரும் வரைக்கும் எழும்பமாட்டான். கையில் தமிழ்ப் பேப்பர். தூரத்தில், சீனன்குடாப் பக்கம் மா ஆலைத் துறைக்குப் போகிற கோதுமைக் கப்பலொன்றை, கயிறு கட்டிய சின்னப் படகு ஒன்று மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.

“மாமா, எல்லை தாண்டி வாற இந்தியன் றோலரைப் பேப்பரில இழுவைப் படகு எண்டு போடுறாங்கள். அங்க கப்பலைக் கூட்டிக்கொண்டு வாற டக்கையும் நாங்கள் இழுவைப் படகு எண்டுதான் சொல்லுறம். இங்கிலீசில மட்டும் ஏன் ரெண்டு பேர்?”

கடைக்காரர் இரண்டு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். “பாதி விடையை நீயே சொல்லிப்போட்டாய், தம்பி” என்றேன். “கூட்டிக்கொண்டு வாற எண்டு சொன்னாய் பார், டக் எண்ட சொல்லுக்குள்ள அதுதான் இருக்கு.”

பழைய ஆங்கிலத்தில் இழுப்பதற்கு ‘தேயோன்’ என்று ஒரு வினை இருந்தது. இன்று அதை யாரும் சொல்வதில்லை. அதன் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. டக் ஒரு பிள்ளை. பழுதான வாகனத்தைக் கட்டி இழுத்துப் போவதற்குச் சொல்கிற ‘டோ’ இன்னொன்று. ஒரே நுகத்தில் பூட்டி இழுக்க வைத்த மாட்டுக் கூட்டத்துக்குப் பெயராக இருந்த ‘டீம்’ மூன்றாவது. இன்றைக்குக் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளும் தங்களை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் வேர், ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாதை மொழியில் ‘தெவ்க்’ என்பதுபோல ஒலித்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். முன்னே நின்று கூட்டிச் செல்லுதல் என்பது அதன் பொருள்.

அதே வேர் லத்தீனில் ‘டூகெரே’ ஆயிற்று. படையை முன்னின்று நடத்துகிறவன் அங்கே ‘டுக்ஸ்’. அதுதான் ஆங்கிலத்தில் டியூக். எங்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற கோட்டைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பிரட்ரிக் கோட்டை. அந்த பிரட்ரிக் யோர்க்கின் டியூக்காக இருந்தவர். பஸ்ஸில் ரிக்கற் தருகிற கொண்டக்டரும் அதே வேர்க்காரர்தான். எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப் போகிறவர் என்று பொருள். கோட்டைக்குப் பெயர் தந்த பிரபுவும், மூதூர் பஸ் கொண்டக்டரும், துறைமுகத்து டக்கும் சொல்லளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

“ஒலி ஒத்துவரேல்லையே மாமா” என்றான். நல்ல கேள்வி. தமிழில் எழுதினால் டியூக், டக் இரண்டுக்கும் ஒரே டகரம்தான். வாயில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். டியூக்கில் வருவது ‘வண்டி’யில் வருகிற மெலிந்த டகரம். டக்கில் வருவது ‘வட்டி’யில் வருகிற வன்மையான டகரம். லத்தீனில் மெலிந்து நிற்கிற அந்த ஒலி ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் வன்மையாகும். லத்தீனில் இரண்டு என்பது ‘டுவோ’, ஆங்கிலத்தில் ‘டூ’. லத்தீனில் பத்து என்பது ‘டெகெம்’, ஆங்கிலத்தில் ‘டென்’. இந்த ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கோப் கிரிம் முறைப்படி எடுத்துக்காட்டினார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம். அவர் சொன்ன இன்னொரு ஒழுங்கும் உண்டு: லத்தீனில் ககரமாக நிற்பது ஆங்கிலத்தில் ஹகரமாகும். நாய்க்கு லத்தீனில் ‘கனிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஹவுண்ட்’. கொம்புக்கு அங்கே ‘கோர்னு’, இங்கே ‘ஹோர்ன்’. இதை மறக்காமல் வைத்திரு என்றேன். கொஞ்சம் போனபின் தேவைப்படும்.

டக் என்ற சொல் படகுக்குப் பெயரானது பிந்திய காலத்தில்தான். 1817இல் ஸ்கொட்லாந்தில் கட்டிய ஒரு நீராவிப் படகுக்கு ‘டக்’ என்றே பெயரிட்டார்கள். அதே 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் ஒன்றை ஒக்டோபர் மாதம் கடலில் இறக்கினார்கள். அதன் பெயர் ‘திருகோணமலை’, அவர்கள் வாயில் ‘டிரிங்கோமலி’. அந்தக் கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில், ஹார்ட்லிபூல் என்ற ஊரில், மிதந்தபடி நிற்கிறது.

றோலர் வேறு குடும்பம். ‘ட்ரோல்’ என்பது ஒல்லாந்தரின் ‘திராகெல்’, இழுவலை. அதற்கும் பின்னால் லத்தீனின் ‘திராகுலா’ இருப்பதாகச் சொல்வார்கள். இந்த வேரில் கூட்டிச் செல்லுகிற அன்பு ஒன்றும் இல்லை. நிலத்தோடு தேய்த்து இழுக்கிறது மட்டும்தான். கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவை மடிக்கு அது பொருத்தமான சொல். இலங்கையில் அந்தத் தொழிலை 2017ஆம் ஆண்டின் கடற்றொழில் திருத்தச் சட்டம் தடைசெய்தது. ஆங்கிலம் இங்கே எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கப்பலைக் கரை சேர்க்கிற படகுக்கும் கடலடியைச் சுரண்டுகிற படகுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட சொல்லுக்கு வருகிறேன். ‘ஹோல்’. ஓட்டைக்குச் சொல்கிறது அல்ல. பலர் சேர்ந்து கயிறு பிடித்து இழுப்பதற்குச் சொல்கிறது.

ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள். முதலில் ‘ஹேல்’ என்றார்கள், 16ஆம் நூற்றாண்டில் ‘ஹோல்’ ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் அதை வடக்கே இருந்த ஜெர்மானிய மக்களிடமிருந்து பெற்றார்கள். பழைய ஜெர்மன் மொழியில் அதன் உருவம் ‘ஹலோன்’. அதற்கு இரண்டு பொருள்: கூப்பிடுதல், போய் எடுத்துக்கொண்டு வருதல். ஒல்லாந்தர் இன்றைக்கும் எதையாவது எடுத்துவரச் சொல்லும்போது ‘ஹாலன்’ என்பார்கள். எங்கள் டச்சு விரிகுடாவில் இறங்கிய ஒல்லாந்து மாலுமிகளும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வேலை வாங்கியிருப்பார்கள்.

கூப்பிடுகிற சொல் எப்படி இழுக்கிற சொல் ஆயிற்று? கூப்பிட்டால் வரும். வராவிட்டால் போய்க் கூட்டிவர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கட்டி இழுத்துவர வேண்டும். பொருள் இப்படிப் படிப்படியாக இறங்கியது என்பது பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளரின் கருத்து. கிரிம் சொன்ன ஒழுங்கை இப்போது நினை. ஜெர்மானியத்தின் ஹகரத்துக்கு லத்தீனில் ககரம் இருக்க வேண்டும். இருக்கிறது: ‘கலாரே’, உரக்கக் கூவுதல். ரோமாபுரியில் மாதம் பிறப்பதைப் பூசகர் ஊரறியக் கூவி அறிவிப்பார். அப்படிக் கூவிய முதல் நாளுக்குப் பெயர் ‘கலெண்டே’. கடன் வட்டி எல்லாம் அன்றைக்குக் கட்ட வேண்டும் என்பதால் கணக்குக் கொப்பிக்கு ‘கலெண்டாரியும்’ என்று பெயர் வந்தது. கடைச் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினேன். “அதுவும் கயிறு இழுக்கிற சொல்லும் சொந்தக்காரர்.”

அவன் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நினைவெல்லாம் கரைவலையில் இருந்தது.

உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரைக்கும் உள்ள மணற்கரையில், வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்த மாதங்களில், அதைப் பார்க்கலாம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி புறப்படும். கயிறு முடிந்ததும் வலை. வலையின் நடுவில் மடி. பிறகு மறுபக்கத்து வலை, மறுபக்கத்துக் கயிறு. தோணி அரைவட்டமாக வளைந்து தூரத்தில் வந்து கரை தட்டும்போது மற்றத் தலைப்பும் கரைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கத் தொடங்குவார்கள். வலை கிட்ட வரவர இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து நெருங்கும். கடைசியில் மடி மணலில் ஏறும். இப்படி வலை வளைக்கிற கரைப்பகுதிக்குப் பாடு என்று பெயர். அகப்பட்டதற்கு மீன்பாடு. ஆங்கிலத்திலும் ஒரு தடவை இழுத்துக் கிடைத்ததை ‘ஹோல்’ என்றே சொல்வார்கள்.

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள். தண்ணீரில் நனைந்து மணலில் உரசிக்கொண்டு கிடக்கிற பாரம் அது. ஒருவர் இப்போது, மற்றவர் பிறகு என்று இழுத்தால் அசையாது. பதினைந்து பேரின் பலமும் ஒரே கணத்தில் விழவேண்டும். அசையத் தொடங்கியது நிற்பதற்குள் அடுத்த இழுவை விழவேண்டும். கண்ணால் பார்த்து இதைச் செய்ய இயலாது, எல்லோருக்கும் முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். காதால்தான் செய்யலாம். ஒருவர் குரல் எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பார்கள், ஏற்கிற அந்த அடியில் குதிகால் மணலில் புதையும், கயிறு ஒரு முழம் வரும். எங்கள் கடற்கரைகளில் இந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். பொழுதுபோக்கப் பாடியதாக இதைப் படித்தவர்கள் சிலர் எழுதுவார்கள். கயிறு பிடித்தவருக்குத் தெரியும், குரல் நின்றால் வலையும் நின்றுவிடும்.

ஆகவே கூவுதலும் இழுத்தலும் ஒரு சொல்லுக்குள் இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. வடகடலில் வலையிழுத்தவனுக்கும் திருக்கடலூரில் இழுத்தவனுக்கும் வேலை ஒன்று. ‘ஹொய்ஸ்ட்’ என்று, பாயை மேலே ஏற்றுவதற்கு ஒரு ஆங்கிலச் சொல் உண்டு. அதுவும் மாலுமிகள் சேர்ந்து இழுக்கும்போது போட்ட சத்தத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

ஆனால் ஆங்கிலேயரின் கடற்படை பாடவில்லை. 1795இல் இந்தத் துறைமுகத்தைப் பிடித்து, 1957 வரைக்கும் அதைத் தங்கள் தளமாக வைத்திருந்தார்கள். அவர்களுடைய வணிகக் கப்பல்களில் வேலைப்பாட்டு நிறைய இருந்தது. போர்க்கப்பலில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டளை கேட்க வேண்டும் என்பதற்காக விசில் ஊதியே கயிறு இழுப்பித்தார்கள். நங்கூரம் சுற்றும்போது பிடில் வாசிக்க விட்டதுண்டு. உள்ளே, துறைமுகத்தில், விசிலுக்கு இழுத்தார்கள். ஒரு கட்டை தூரத்தில், வெளிக்கடல் கரையில், எங்கள் ஆட்கள் பாட்டுக்கு இழுத்தார்கள். இரண்டு சத்தமும் ஒரே காற்றில் கலந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அவர்கள் கையில் பிடித்த கயிறும் எங்கள் சொல்தான். தும்புக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் ‘கொயர்’. மலையாளத்தின் கயர், தமிழின் கயிறு, போர்த்துக்கேயர் வாய்வழியே போய்ச் சேர்ந்தது. தும்புக் கயிறு மற்றக் கயிறுகளைவிடப் பலம் குறைந்தது. ஆனால் தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். அலையில் ஒரு கப்பல் இன்னொன்றை இழுக்கும்போது திடீரென்று விழுகிற வெட்டைத் தாங்கிக்கொள்ள அந்தக் குணம் தேவை. அதனால்தான் கப்பல் இழுக்கத் தடித்த தும்புக் கயிற்றை அவர்கள் விரும்பி வைத்திருந்தார்கள். அவர்கள் எடுத்துப்போன மற்றச் சொல் கட்டுமரம், அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தடித்த கப்பல் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் ‘ஹோசர்’ என்று பெயர். ‘ஹோல்’ போலக் கேட்பதால் மருமகன் உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டான். இல்லை. அது ‘உயர்த்து’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல், லத்தீனில் உயரம் என்பதற்கான ‘அல்துஸ்’ வழி வந்தது. இன்னொரு பொறி, கப்பிக்குச் சொல்கிற ‘புல்லி’. ‘புல்’ என்றால் இழு, ஆகவே ‘புல்லி’ இழுக்கிற சாமான் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். கிரேக்கத்தில் அச்சுக்குச் சொல்கிற ‘போலோஸ்’ வழி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ‘புல்’ என்பதற்கோ தொடக்கப் பொருள் பிடுங்குதல், இறகு பிடுங்குவதுபோல. அதற்கு அப்பால் அதன் வேர் யாருக்கும் பிடிபடவில்லை. ‘லக்கேஜ்’? மயிரைப் பிடித்து இழுப்பதற்கான ஸ்கன்டிநேவியச் சொல் அதற்குள் இருக்கிறது. பாரப் பெட்டியை ரெயில்வே ஸ்டேசனில் இழுத்தவருக்கு விளங்கும்.

‘புல்’ என்றதும் ஒன்று நினைவு வந்தது. ஆங்கிலக் கடற்படையில் துடுப்புப் போடுவதை ‘புல்’ என்றுதான் சொல்வார்கள். நாங்கள் தண்டு வலிக்கிறது என்கிறோம். இரண்டும் ஒரே பார்வை. தமிழில் இழுப்பதற்கு வலி என்ற பழைய வினை உண்டு. மலையாளத்தில் அது இன்னமும் அன்றாடச் சொல். கதவை இழுக்கிறதும் வலி, புகை இழுக்கிறதும் வலி, கயிறிழுப்புப் போட்டி வடம்வலி. எங்கள் பக்கம் அது தண்டோடும் வலிப்பு நோயோடும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் தலைவலி என்பார்கள், இங்கே தலையிடி. கால் வலிக்கிறது என்று அங்கே சொல்வதை இங்கே கால் நோகுது என்கிறோம். உடம்பை இழுத்துப் பிடிக்கிற உணர்ச்சியே வலி என்று அங்கே பெயராகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பலத்துக்கும் வலிமை என்கிறோம். இழுத்தவனுக்குப் பலமும் இருந்தது, நோவும் இருந்தது.

கதை நீண்டு தேத்தண்ணி ஆறிவிட்டது. இன்னும் இரண்டு சொன்னேன். கடைக்காரர், “சாயம் இறங்கட்டும், கொஞ்சம் பொறுங்கோ” என்றார். அதற்கு ஆங்கிலேயர் தேயிலை ‘ட்ரோ’ பண்ணட்டும் என்பார்கள். தண்ணீர் சாயத்தை இழுக்கிறது என்ற கணக்கு. எங்களுக்கு இறங்குகிறது, அவர்களுக்கு இழுபடுகிறது. இந்த ‘ட்ரோ’ ஒரு பெரிய குடும்பத்துக்குத் தலைவர். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் அதுதான். படம் கீறுவதும் அதுதான், பென்சிலைத் தாளின்மேல் இழுக்கிறார்கள். மேசை லாச்சி அவர்களுக்கு ‘ட்ரோவர்’, இழுக்கிற பெட்டி. லாச்சி என்ற சொல்லை எங்களுக்கு ஒல்லாந்தர் தந்துவிட்டுப் போனார்கள். கப்பல் எவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் அமிழ்ந்து நிற்கிறது என்ற அளவுக்கு ‘டிராஃப்ட்’ என்று துறைமுகத்தில் சொல்வதும் அந்தக் குடும்பம். இத்தனை அடி தண்ணீரைக் கப்பல் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். திருகோணமலைக்கு உலகமெங்கும் பெயர் வந்ததும் இந்த அளவால்தான். கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு துறைமுக வாய்க்குக் கிட்ட வரைக்கும் வருகிறது. ஆழமாக இழுக்கிற கப்பலும் தயங்காமல் உள்ளே வரலாம்.

“அப்ப மிசின்?” என்றான். உழவு இயந்திரத்தைத்தான் கேட்கிறான். ‘டிராக்டர்’ லத்தீனின் ‘திராஹெரே’, இழு என்பதிலிருந்து வந்தது, பொருள் இழுப்பான். ‘டிரெயின்’ அதே குடும்பம். முதலில் அது உடுப்பின் பின்னால் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வருகிற துணிக்குப் பெயர். பிறகு ஒன்றின் பின் ஒன்றாக இழுபட்டு வருகிற எல்லாவற்றுக்கும் ஆயிற்று. காணி வழக்கை வருசக் கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்கிறோமே, அதற்கும் அவர்கள் அதே வேரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘புரோட்ராக்ட்’. அதிலும் இரண்டு மொழியும் ஒன்றாக யோசித்திருக்கின்றன.

கரைவலைக்கும் இழுப்பான் வந்துவிட்டது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கயிற்றைச் சுற்றுகிறார்கள். கடல் கெடும் என்று ஒரு பக்கம், ஆள் கிடைக்கவில்லை என்று மறுபக்கம், இதைப் பற்றி வடக்கிலும் கிழக்கிலும் கடற்றொழிலாளருக்குள் தகராறு ஓயவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்கிறவரின் கஷ்டம் பொய்யல்ல. அந்தக் கயிறு உள்ளங்கையை என்ன செய்யும் என்று அறிந்த யாரும் இன்னொரு பிள்ளையை வந்து பிடி என்று கட்டாயப்படுத்த மாட்டார்கள். நான் போய்ப் பார்த்த அன்று மிசின் உறுமியது, கயிறு நேராக வந்தது, ஒருவர் கையைக் காட்டியதும் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிராது.

“அப்ப அதை ஹோல் எண்டு சொல்லலாமோ, மாமா?”

ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். லொறிப் போக்குவரத்துக்கே ‘ஹோலேஜ்’ என்றுதான் பெயர் என்றேன். அவன் திருப்திப்படவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இதற்குள் கோதுமைக் கப்பல் துறைக்கு நேரே திரும்பிவிட்டது. தண்ணீருக்கு மேலால், உயர்ந்த குரலில், டக் ஒருதரம் ஊதியது. கொஞ்சம் கழித்து மறுபடியும்.

“ஏன் ஊதுறான்?”

“கப்பலுக்கு மேல பைலட் நிக்கிறார். இழு, விடு, நிப்பாட்டு எண்டு வோக்கியில அவர் சொல்லுவார். விளங்கிச்சு எண்டதுக்கு டக்கில இருந்து ஊதுவாங்கள்.”

அவன் பேப்பரை மடித்து வாங்கில் வைத்துவிட்டுக் கரை ஓரம் போய் நின்றான். கயிறு விறைத்துத் தண்ணீரை விட்டு மேலே எழும்பி, துளித்துளியாகச் சொட்டியது. அடுத்த ஊதல் வரும் வரைக்கும் அவன் திரும்பவில்லை.